சனிக்கிழமை வாங்காத இரும்பு

சஞ்சய்க்கு அந்த அறை கிடைத்தது ஒரு சின்னப் பொய்யால்தான். மெல்போர்னில் வாடகைக்கு அறை தேடி அலைந்தவர்கள் அவனை மன்னித்துவிடுவார்கள். மற்றவர்கள் முழுவதையும் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

வீடு த பேசின் என்ற புறநகரில் இருந்தது. மலையடிவாரம், விநாயகர் கோயிலுக்குக் காரில் நாலு நிமிஷம். மே மாதக் கடைசியில் அறையைப் பார்க்க வந்தவர்கள் பதினாலு பேர், வாசலில் வரிசையாக நின்றார்கள். யார் வாயைத் திறந்தாலும் புகை வந்தது. வீட்டுக்காரி யோகா அன்ரி கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"நீர் என்ன படிக்கிறீர்?"

ஐ.டி. என்றான் ஒருவன். அடுத்தவனும் ஐ.டி. அதற்கடுத்தவன் டேட்டா என்று சொல்லிப் பார்த்தான். அன்ரி அதையும் ஐ.டி. கணக்கில் சேர்த்துவிட்டார். சஞ்சய் முறை வந்தது.

"மெக்கானிக்கல் என்ஜினியரிங், ஆன்ட்டி. மாஸ்டர்ஸ்."

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

"எங்கட வீட்டில நீராவியில ஓடுற ஹீட்டிங் தம்பி. ரெண்டு வருஷமாப் பழுது. உமக்கு அதுகளைப் பற்றித் தெரியுமோ?"

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் 'புத்தகத்தில் படித்திருக்கிறேன்' என்று சொல்லியிருப்பான். சொல்லிவிட்டு மற்ற பதின்மூன்று பேருடன் ஸ்டேஷனுக்கு நடந்திருப்பான். சஞ்சய் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"ஸ்டீம்தான் ஆன்ட்டி நம்ம ஸ்பெஷாலிட்டி."

அன்று மாலையே பெட்டியோடு குடிவந்தான்.

ஸ்பெஷாலிட்டி என்பது முழுப் பொய்யும் கிடையாது. ஒரு குழாய்க்குள் நீராவி எப்படி ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் அவனுடைய ஆய்வு. அந்தக் குழாய் திரையில் நீல நிறத்தில் இருக்கும். சூடு ஏறினால் பச்சையாகி, மஞ்சளாகி, சிவப்பாகும். ஒன்றரை வருஷமாக அவன் அதை வலப்பக்கமும் இடப்பக்கமும் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். நிஜக் குழாய் என்றால், திருச்சியில் அவன் ஹாஸ்டலில் ஒரு குழாய் இருந்தது. அதில் தண்ணீரே வராது, நீராவிக்கு வழியில்லை.

வீட்டுக்கு அந்த ஹீட்டிங் வந்த கதை எளிது. அறுபது வருஷத்துக்கு முன்னால் வீட்டைக் கட்டியவர் ஒரு அமெரிக்கர். ஊரில் எல்லோரும் ஹாலில் ஒரு ஹீட்டரை வைத்துக்கொண்டு திருப்திப்பட்டபோது, அவர் தன் ஊர் வழக்கப்படி பின்கொட்டகையில் ஒரு பாய்லரை வைத்தார். அதிலிருந்து வீட்டுத் தரைக்கடியில் குழாய் இழுத்து, அறைக்கு ஒன்றாக ஐந்து வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களை நட்டார். ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். பாய்லர் இன்னும் நன்றாகத்தான் இருந்தது. காஸ்காரர் வந்து பார்த்து ஒட்டிய ஸ்டிக்கர் கூட இருந்தது. தரைக்கடியில் போன குழாய்கள் மட்டும் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தன.

குழாய் மாற்ற யோகா அன்ரியின் கணவர் சிவமணி ஒரு பிளம்பரைப் பிடித்திருந்தார். பெயர் கிளென். ஆறடி மூன்று அங்குலம், அரைக்கால் சட்டை, அது குளிர் நடுக்கும் ஜூன் மாதமானாலும் சரி. அவர் தரைக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஊர்ந்து வெளியே வந்தார்.

"முப்பது வருஷத்தில் வீட்டுக்குள் நீராவி நான் பார்த்ததில்லை, மேட். சுடுதண்ணீர் ஓடுகிற வீடென்றால் ஆயிரம் செய்திருக்கிறேன். இது என்ன குழாயில் போடவேண்டுமென்று ஒரு என்ஜினியரிடம் எழுதி வாங்கி வையுங்கள். எழுதியதைப் போட்டுத் தருகிறேன்."

சிவமணி பெருமையோடு சஞ்சயின் தோளில் கை வைத்தார். "என்ஜினியர் வீட்டிலதான் இருக்கிறார்."

கிளென் சஞ்சயை மேலிருந்து கீழே பார்த்தார். அந்தத் தூரம் அதிகமில்லை, சீக்கிரம் முடிந்துவிட்டது.

அன்று குசினியில் (சமையலறைக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர்) மேசையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். நாலாவது ஆள் வினுஷா, வீட்டு மகள், யூனியில் முதல் வருஷம். சஞ்சய் ஒரு நோட்டும் மூன்று நிறப் பேனாவும் எடுத்து வந்திருந்தான்.

"செம்பு போடுவம்," என்றார் யோகா அன்ரி. "செம்புக் குடத்தில தண்ணி வைச்சுக் குடிச்சா உடம்புக்கு நல்லம். அதுக்குள்ளால வாற சூடும் நல்லமாத்தான் இருக்கும்."

"விசர்க் கதை. கல்வனைஸ்ட் போடுவம்," என்றார் சிவமணி. "ஊரில எங்கட கிணத்தடியில போட்ட கல்வனைஸ்ட் பைப்பு சண்டைக்கால இடப்பெயர்வு ரெண்டு கண்டது. வீடு போச்சு, பைப்பு நிண்டது."

"யூடியூப்ல எல்லாரும் பிளாஸ்டிக்தானே போடினம்?" என்றாள் வினுஷா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சஞ்சயின் மனதில் இருந்தது எவர்சில்வர். அவன் தமிழ்நாட்டில் வளர்ந்தவன். எந்தச் சாமானானாலும் எவர்சில்வரில் வாங்கி, பெயர் வெட்டிவிட்டால் அது பேரன் வரை வரும் என்பது அவனுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்ட பொறியியல். ஆனால் அதை வெளியில் சொல்லவில்லை. "எல்லாத்தையும் கம்பேர் பண்ணிட்டு சொல்றேன் அங்கிள்," என்றான்.

"எவ்வளவு நாள் எடுக்கும்?"

"டீட்டெய்லா பண்ணணும்ல."

மூன்று பேனாவையும் மூடி வைத்துவிட்டு, மறுநாள் நேரே லைப்ரரிக்குப் போனான். ஒன்றரை வருஷத்தில் அவன் அங்கே போனது இரண்டாம் தடவை. முதல் தடவை மழைக்கு ஒதுங்கியது.

விடை பதினைந்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. அதுதான் அவனுக்குச் சங்கடமாக இருந்தது. வீட்டு நீராவிக்குக் கறுப்பு இரும்புக் குழாய் என்று நூறு வருஷமாக எல்லோரும் எழுதிவைத்திருக்கிறார்கள். பூச்சு எதுவும் இல்லாத, எண்ணெய் தடவிய, மரை வெட்டித் திருகுகிற வெறும் இரும்பு. பிளாஸ்டிக் நீராவிச் சூட்டில் இளகிவிடும். கல்வனைஸ்டில் துத்தநாகப் பூச்சு செதில் செதிலாக உரிந்து பாய்லருக்குள் போகும். எவர்சில்வர் நல்லதுதான், ஆனால் விலை ரேடியேட்டரின் கனத்தோடு போட்டி போடும். செம்பு சூட்டில் இரும்பைவிட அதிகமாக நீளும். நீள இடம் விடாவிட்டால் மூட்டைப் பிளக்கும். எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தது. கீழே ஒரு படமும் போட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவன் அறிவித்தான். "பிளாக் அயர்ன். வெறும் இரும்புதான் அங்கிள் கரெக்ட்."

"இரும்பு போட்டுத்தானேயப்பா இவ்வளவும் துருப்பிடிச்சுக் கிடக்குது?" என்றார் அன்ரி.

"அறுபது வருஷம் கழிச்சுத்தானே ஆன்ட்டி துருப்பிடிச்சுது?"

சிவமணிக்கு அது பிடித்துவிட்டது. "அது நல்ல பொயின்ற். சரி, டண்டினொங்கில ஒரு இரும்பு யார்ட் இருக்கு. எனக்குச் சனியும் ஞாயிறும்தான் லீவு, ஞாயிறு யார்ட் பூட்டு. சனிக்கிழமை போய் ஏத்திக்கொண்டு வாறன்." சிவமணி டண்டினொங்கில் ஒரு கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டினார். மற்ற ஐந்து நாளும் பகலில் அவரைப் பிடிக்க முடியாது.

அன்ரி கரண்டியைக் கீழே வைத்தார். வைத்த விதத்திலேயே மற்ற மூவரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"சனிக்கிழமை இரும்பா?"

"ஏன்?"

"உங்களுக்கு ஏழரைச் சனி நடக்குது. கிழமைக்குக் கிழமை நான் கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரிச்சுக்கொண்டிருக்கிறன். நீங்கள் சனிக்கிழமை பார்த்து வீட்டுக்குள்ள ஒரு லொறி இரும்பு கொண்டு வரப்போறியள். நல்லாயிருக்கும். கொண்டு வாங்கோ."

"கொண்டு வாங்கோ" என்று அன்ரி சொன்னால் கொண்டுவரக் கூடாது என்று அர்த்தம் என்பது குடிவந்த முதல் வாரத்திலேயே சஞ்சய்க்குத் தெரிந்திருந்தது. பிறகு அன்ரி அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர்தானே ஸ்பெஷலிஸ்ற். செம்பு போட்டால் வேலை செய்யாதோ?"

சஞ்சயின் கண்முன்னால் வாசலில் நின்ற பதின்மூன்று பேரும் பெட்டியோடு வந்து நின்றார்கள்.

"செய்யும் ஆன்ட்டி," என்றான். "செம்பும்... செய்யும்."

சொன்னதை நிரூபிக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தான். சிமுலேஷன் போட்டான். இரண்டு நாள் லேப்டாப் சூடாகி ஓடியது. அந்த வீட்டில் அந்த இரண்டு நாளும் சூடாக இருந்த ஒரே பொருள் அதுதான். முடிவில் செம்புக் குழாய் நீலத்திலிருந்து சிவப்பாக மாறி, அசையாமல், அழகாக, ஒரு மூட்டிலும் கசியாமல் நின்றது. சஞ்சய்க்கே ஆச்சரியம். அதை நாற்பத்தொரு பக்க அறிக்கையாக எழுதினான். குழாய் செம்பு என்ற ஒரு வரி முப்பத்தெட்டாம் பக்கத்தில் வந்தது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். கையெழுத்து நன்றாக வந்தது என்பதை இங்கே பதிவு செய்யவேண்டும்.

கிளென் அறிக்கையைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தார்.

"செம்பா? நீராவிக்கா? சூடானால் நீளுமே, மேட்."

"சிமுலேஷன் பண்ணிப் பார்த்தாச்சு," என்று சஞ்சய் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்.

கிளென் குனிந்து பார்த்தார். "நல்ல கலர்," என்றார். பிறகு, கையெழுத்துப் போட்ட பக்கத்தை மட்டும் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தரைக்கடியில் ஊர்ந்து போனார்.

பாய்லரை மூட்டிப் பார்க்க அன்ரி நாள் குறித்தார். ஆடிப்பிறப்பு. மெல்போர்னில் எந்தப் பண்டிகையும் அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வரும்; ஆடிப்பிறப்பும் அப்படியே வந்தது. ஆடிக்கூழ் குடிக்கவும் கொழுக்கட்டை தின்னவும் முப்பது பேருக்குச் சொல்லியிருந்தார்கள். வந்தவர்கள் ஹாலில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் அரை மணித்தியாலத்தில கோட்டைக் கழட்டிப் போடுவியள்," என்றார் அன்ரி எல்லோரிடமும். "எங்கட வீட்டில என்ஜினியர் இருக்கிறார். நீராவியில ஸ்பெஷலிஸ்ற். செம்பில போட்டிருக்கிறார்."

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சஞ்சய் அடக்கமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவன் காலையில் கண்ணாடி முன்னால் பார்த்து வைத்திருந்தான்.

சிவமணி கொட்டகைக்குப் போய் பாய்லரை மூட்டினார். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு தரைக்கடியிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தது.

"வேலை செய்யுது!" என்றார் அன்ரி.

டிக் என்பது டொக் ஆனது. டொக் என்பது யாரோ கீழே படுத்துக்கொண்டு தரையை உதைப்பது போல ஆனது. அதன் பிறகு, ஹாலின் மூலையில், அந்த வீட்டார் கதிரை என்கிற பெரிய நாற்காலிக்குப் பின்னால், தரையிலிருந்து உஸ்ஸ்ஸ் என்று ஒரு வெள்ளைத் தூண் கிளம்பியது. கூரையில் மோதி நாலு பக்கமும் பரவியது. ஒரே நேரத்தில் முப்பது பேரின் கண்ணாடியும் மங்கியது. யாருக்கும் யாரும் தெரியவில்லை.

"யோகா, கொழுக்கட்டை குசினியிலயோ அவிக்கிறனீர், ஹோலுக்குள்ளயோ?" என்று புகைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

இந்த மாதிரி நேரத்தில் ஒரு என்ஜினியர் செய்யவேண்டியது என்ன என்று யோசித்து, சஞ்சய் லேப்டாப்பைத் திறந்தான். திரையில் குழாய் அசையாமல், அழகாக நின்றது. வினுஷா அவனைத் தாண்டி ஓடி, கொட்டகையில் ஸ்டிக்கரில் எழுதியிருந்தபடி சிவப்பு சுவிட்சை அழுத்தினாள். உஸ் சத்தம் அடங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கம்பளம் மட்டும் நனைந்தது. கோட்டை ஒருவரும் கழற்றவில்லை.

மறுநாள் மாலை கிளென் தரைக்கடியிலிருந்து வெளியே வந்து இரண்டு விரலை அகட்டிக் காட்டினார். "இவ்வளவு நீண்டிருக்கிறது. போக இடமில்லை. மூட்டைப் பிளந்துவிட்டது." அவர் குரலில் கோபம் இல்லை. சட்டைப் பையைத் தட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

"உங்கட சிமுலேஷனுக்கு இது தெரியாதா?" என்றாள் வினுஷா.

சஞ்சய் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். கடைசியில் ஒரு சின்னக் கட்டம். 'சூட்டில் பொருள் நீளுவதைக் கணக்கில் எடு.' கட்டம் காலியாக இருந்தது. ஒன்றரை வருஷமாகக் காலியாக இருந்திருக்கிறது.

"டிக் போடலை," என்றான்.

"சீரியஸ்லி?"

"ஆமா."

"ஓகே. ஒரு கேள்வி. நீங்கள் லைஃப்ல ஒரு பைப்பைத் தொட்டிருக்கிறீங்களா?"

குசினியில் அன்ரி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி நின்றார். சிவமணி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சஞ்சய்க்கு வேறு வழியில்லை. உண்மை மட்டும்தான் மிச்சமிருந்தது.

"இல்ல," என்றான். "கம்ப்யூட்டர்ல மட்டும்தான். ஸ்பெஷாலிட்டின்னு சொன்னது ரூம் கிடைக்கணும்னுதான் ஆன்ட்டி. ஆனா இரும்புதான் கரெக்ட்னு புக்ல இருந்துச்சு. செம்பு நீளும்னும் இருந்துச்சு. படிச்சேன்."

"படிச்சுப்போட்டே செம்பெண்டு எழுதினீர்?"

"நீங்க சனிக்கிழமை இரும்பு வாங்கக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல."

யோகா அன்ரி கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"ஓம். சனிக்கிழமை வாங்கக்கூடாதுதான். செம்பு வெடிக்குமெண்டு நீர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வெள்ளிக்கிழமை போனில காசைக் கட்டியிருப்பன். சனிக்கிழமை போய் எடுத்துக்கொண்டு வாறது எப்பிடி வாங்கினதாகும்? வெள்ளிக்கிழமை வாங்கின இரும்பு அது. யார்ட்டில ஒரு இரவு இருந்தது, அவ்வளவுதான்."

சஞ்சய் மனதில் கணக்குப் போட்டான். நாற்பத்தொரு பக்கம். இரண்டு நாள் சிமுலேஷன். முப்பது பேர். சனீஸ்வரனுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு போன் கால் அளவு இடைவெளி இருந்திருக்கிறது. அவன் அதைக் கேட்கவேயில்லை.

"நான்... அறையைக் காலி பண்ணிடவா ஆன்ட்டி?"

"அதைப் பற்றி பிறகு கதைப்பம். முதல்ல பைப்பு."

அன்று பெட்டியைக் கட்டினான். இரண்டு நாள் கழித்து ஜட்டி தேவைப்பட்டதால் அவிழ்த்தான். வெள்ளிக்கிழமை அன்ரி போனில் காசு கட்டினார். ரசீதில் தேதியை இரண்டு தடவை பார்த்தார். சனிக்கிழமை காலை சிவமணியும் சஞ்சயும் டண்டினொங் போய், வெள்ளிக்கிழமை வாங்கிய இரும்பை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கிளென் காத்திருந்தார்.

"என்ஜினியரும் உள்ளே வரட்டும்," என்றார் கிளென். "ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும்."

சஞ்சய் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு குழாயைத் தொட்டான். அது நீலமாக இல்லை. எண்ணெயும் கரியுமாகக் கையில் ஒட்டியது. நம்ப முடியாத கனமாக இருந்தது. இரண்டு மணி நேரம் ஈர மண்ணில் மல்லாந்து கிடந்து, மூக்குக்கு ஒரு சாண் மேலே அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கிளென் மரை வெட்டித் திருகிக்கொண்டே போனார். குழாயைக் கெட்டியாகக் கட்டாமல், நீளுவதற்கு இடம்விட்டுத் தொங்கவிட்டார். ஆவி தண்ணீரானால் பாய்லருக்கே திரும்பி ஓடட்டும் என்று சற்றே சரிவாக வைத்தார். சஞ்சய் இதெல்லாம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பார்த்தான். அதே பக்கம். கீழே இருந்த படம்.

"இடமா வலமா திருகணும்?" என்று ஒரு தடவை கேட்டான். பதிலுக்கு மேலே குசினித் தரை வழியாக வினுஷா சிரிப்பது மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளைக் கூப்பிடவில்லை. சிவமணி பாய்லரை மூட்டினார். எல்லோரும் ஹால் மூலையைவிட்டுத் தள்ளி நின்றார்கள். டிக் என்றது. டிக் டிக் என்றது. அதற்கு மேல் போகவில்லை. முதலில் ஹால் ரேடியேட்டர் சுட்டது, பிறகு குசினி, பிறகு அன்ரியின் அறை, பிறகு வினுஷாவின் அறை. குழாயின் கடைசி முனையில் இருந்தது சஞ்சயின் அறை. எல்லோரும் அங்கே வந்து நின்றார்கள். கட்டிலில் பெட்டி பாதி கட்டியபடி கிடந்தது.

அன்ரி ரேடியேட்டரில் கை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"சுடுதா ஆன்ட்டி?"

"கொஞ்சம் பொறும்."

ஐந்து நிமிஷம் நால்வரும் ஒரு இரும்புச் சாமானைச் சுற்றி நின்றார்கள். பிறகு அன்ரி வெடுக்கென்று கையை எடுத்து விரலை ஊதிக்கொண்டார். பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தார்.

"கட்டிலுக்கு மேல பெட்டி வைக்காதேயும். படுக்கிற இடம்," என்றார். கதவருகே நின்று திரும்பினார். "இனி வீட்டுக்கு வாற ஆக்களுக்கு நான் உம்மை என்ஜினியர் எண்டு சொல்ல மாட்டன். படிக்கிற பிள்ளை எண்டு சொல்லுவன். சரியோ?"

"சரி ஆன்ட்டி."

"படிச்சதைச் சொல்லாத பிள்ளை," என்றாள் வினுஷா.

அடுத்த வாரம் சஞ்சய் அந்தக் கட்டத்தில் டிக் போட்டு செம்புக் குழாயை மறுபடி ஓட்டினான். ஏழு மணி நேரம் ஓடி, குழாய் வளைந்து, அதே மூட்டில் சிவந்து பிளந்தது. ஒன்றரை வருஷத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் சரியான விடை. சூப்பர்வைசர் மிகவும் மகிழ்ந்து, ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினார்: இந்த முடிவை எந்த ஆய்வுக்கூடத்தில் சோதித்துச் சரிபார்த்தாய்?

சஞ்சய் ரேடியேட்டர் பக்கம் காலை நீட்டி வைத்துக்கொண்டான். பிறகு உள்ளதை உள்ளபடி டைப் செய்தான்.

"த பேசின். ஹாலில், பெரிய கதிரைக்குப் பின்னால். சாட்சிகள் முப்பது பேர்."